உயிர்களின் கணக்கேடு

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வழங்கிச் சென்ற பழமொழி. வீணே போவதாயினும் அதன் அளவு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நெல்லுக்கு மரக்காலும், நிலத்துக்குக் குழியும் காணியும், பொன்னுக்குக் குன்றிமணியும் அளவைகளாகக் கண்ட மனித இனம், தன்னோடு இவ்வுலகில் வாழும் உயிரினங்களுக்கு மட்டும் நெடுங்காலம் எந்த அளவையும் வகுக்கவில்லை. அளக்காமலே ஆற்றில் போட்ட கதைகள் பல. அளக்கக் கற்றுக்கொண்ட பின்னரும் போட்டுக்கொண்டே இருப்பது நம் காலத்தின் கதை.

பல்லுயிர்ப் பெருக்கத்தைக் காப்பதாக உலக நாடுகள் பலமுறை உறுதி பூண்டுள்ளன. அந்த உறுதிகள் நிறைவேறினவா என்று அறிய, சில எண்களைக் குறிகாட்டிகளாகத் தேர்ந்து வைத்துள்ளன. விலைவாசிக் குறியீட்டெண் ஏறினால் வீட்டுச் செலவு கூடிற்று என்று நாம் அறிவதுபோல, இவ்வெண்கள் இறங்கினால் உயிர்களின் நிலை தாழ்ந்தது என்று அறியலாம். இவை எங்கிருந்து தோன்றின? இவற்றால் விளைந்த பயன் யாது? சற்றே பின்னோக்கிச் சென்று காண்போம்.

துப்பாக்கியிலிருந்து ஏட்டுக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவின் வானத்தில் பயணப் புறா என்னும் பறவையினம் பல நூறு கோடியாகப் பறந்து திரிந்தது. ஒரு கூட்டம் கடந்து செல்லும்வரை கதிரவன் ஒளி மறைந்திருந்தது என்று அதனைக் கண்டோர் எழுதிவைத்துள்ளனர். இத்துணைப் பெருந்தொகை ஒருநாள் தீர்ந்துபோகும் என்று எவர்தாம் எண்ணுவர்? இறைச்சிக்காக அவை வலைவீசிப் பிடிக்கப்பட்டன, சுட்டு வீழ்த்தப்பட்டன, கூடு கட்டிய காடுகளும் அழிந்தன. இறுதியில் எஞ்சியிருந்த ஒரே பறவையான 'மார்த்தா', 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி நகர விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. ஓர் இனம் முற்றும் மறைந்த நாளைத் துல்லியமாகக் குறிக்க முடிந்தது. ஆனால் அது எப்போது, எவ்வளவு வேகத்தில் குறைந்தது என்பதைச் சொல்ல முறையான கணக்கு எவரிடமும் இல்லை.

அதே நாட்டில் கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி ஒரு வழக்கம் இருந்தது. அணி அணியாகப் பிரிந்து சென்று, கண்ணில் பட்ட பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு, எந்த அணியின் குவியல் பெரிது என்று பார்ப்பது அது. பறவையியல் அறிஞர் ஃபிராங்க் சாப்மன் இதற்கு ஒரு மாற்றை முன்வைத்தார்: சுடவேண்டாம், எண்ணுவோம். 1900-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று 27 பேர் 25 இடங்களில் பறவைகளை எண்ணி எழுதினர். சிறிய தொடக்கமே. எனினும் ஆண்டுதோறும் இடையறாது தொடர்ந்ததால் அது பெரும் செல்வமாயிற்று. இந்தக் கணக்கையும் இதனையொத்த பிற கணக்கெடுப்புகளையும் வைத்தே, 1970 முதல் வட அமெரிக்கா ஏறத்தாழ 290 கோடிப் பறவைகளை இழந்துள்ளது என்று 2019-இல் அறிஞர்கள் அறிவித்தனர். பயணப் புறாவுக்குக் கிட்டாத கணக்கு, அதற்குப் பின் வந்த பறவைகளுக்குக் கிட்டியது.

முட்டையோடு சொன்ன சாட்சி

எண்ணிக்கை என்பது குறைவை அறிவிப்பதோடு நிற்பதன்று. அதன் காரணத்தையும் காட்டவல்லது. இதனைப் பிரித்தானிய நாட்டுப் பைரியின் வரலாறு விளக்கும்.

பைரி, பறக்கும் புறாவைப் பாய்ந்து அடிக்கும் வேட்டைப் பறவை. அது பெருகிவிட்டதாகவும் தங்கள் பந்தயப் புறாக்களைக் கொன்று தின்பதாகவும் 1960-ஐ ஒட்டிப் புறா வளர்ப்போர் முறையிட்டனர். உண்மை நிலையை அறிய ஒரு கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. டெரக் ராட்கிளிஃப் என்ற இயற்கை ஆய்வாளர் 1961, 1962 ஆண்டுகளில் அதனை வழிநடத்தினார். கிடைத்த விடை முறையீட்டுக்கு நேர் எதிரானது. பைரி பெருகவில்லை; பல மாவட்டங்களில் பழைய கூடுகள் வெறுமையாய்க் கிடந்தன.

காரணம் என்ன? கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடந்ததை ராட்கிளிஃப் கவனித்தார். முட்டை சேகரிப்போர் பல பத்தாண்டுகளாகப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்த பழைய முட்டைகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டார். 1947-ஐ ஒட்டி முட்டையோடு திடீரென மெலியத் தொடங்கியதை 1967-இல் வெளியிட்டார். டி.டி.டி. பூச்சிக்கொல்லி பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்த காலமும் அதுவே. அந்த நஞ்சு சிறு பறவைகளின் உடலில் தங்கி, அவற்றை உண்ணும் பைரியின் உடலில் திரண்டு, ஓட்டில் சுண்ணாம்புச் சத்துப் படியாமல் தடுத்தது. அடைகாக்க அமர்ந்த தாயின் எடை தாளாமல் முட்டைகள் நொறுங்கின. அமெரிக்கா 1972-இல் டி.டி.டி.யைத் தடை செய்தது. பிரித்தானியாவும் அதுபோன்ற நஞ்சுகளைப் படிப்படியாக விலக்கியது. பைரி மீண்டும் பெருகிற்று. 1999-இல் அமெரிக்கா அதனை அழிவு அச்சத்தில் உள்ளவற்றின் பட்டியலிலிருந்து நீக்கியது.

இவ்வரலாற்றில் மூன்று படிகளைக் காண்கிறோம். முதலில் எண்ணினர், அடுத்துக் காரணம் கண்டனர், இறுதியில் அதிகாரம் உள்ளவர் ஆணையிட்டனர். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாய் நிகழ்ந்ததால் உயிர் பிழைத்தது. இம்மூன்று படிகளையும் நாம் மறவாதிருப்போம். இனி வரும் செய்திகளை எடைபோட இவையே துணை.

செந்நிறப் பட்டியல்

1948-இல் பிரான்சு நாட்டின் ஃபோன்டென்புளோ நகரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பிறந்தது. அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் செந்நிறப் பட்டியலை அது 1964 முதல் பேணி வருகிறது. தொடக்கத்தில் எந்த இனம் எந்த வகுப்பில் சேரும் என்பதை அறிஞர்கள் தம் பட்டறிவைக் கொண்டே முடிவு செய்தனர். ஒருவர் ஆபத்து என்பதை மற்றொருவர் அவ்வாறு கொள்ளாதிருக்கலாம் அல்லவா? ஜார்ஜினா மேஸ் அம்மையார் முதலான அறிவியலாளர்களின் உழைப்பால் 1994-இல் எண்ணளவைகள் ஏற்கப்பட்டன. முதிர்ந்த உயிர்கள் 50-க்கும் குறைவாயின் மிகக் கடும் ஆபத்து. 250-க்கும் குறைவாயின் ஆபத்து. 1,000-க்கும் குறைவாயின் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய நிலை. எண்ணிக்கை மிகுந்திருந்தாலும் விரைந்து குறையும் இனத்துக்கும், வாழிடம் சுருங்கும் இனத்துக்கும் தனி அளவைகள் வகுக்கப்பட்டன. 2025-ஆம் ஆண்டு நிலவரப்படி 1,70,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இவ்வாறு ஆராயப்பட்டு, அவற்றுள் 48,000-க்கும் மேற்பட்டவை அழிவு அச்சத்தில் உள்ளனவாகக் கண்டறியப்பட்டுள்ளன.

இப்பட்டியலிலிருந்து ஒரு குறியீட்டெண்ணையும் கணித்தனர். எல்லா இனங்களும் அச்சமின்றி வாழ்ந்தால் அதன் மதிப்பு 1; எல்லாம் மறைந்துபோனால் 0. ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில், நிலவாழ் உயிர்களைப் பற்றிய பதினைந்தாம் இலக்கை அளக்கும் குறிகாட்டிகளுள் இதுவும் ஒன்று.

வாக்குறுதிகளின் காலம்

1992 ஜூன் மாதம் ரியோ டி ஜெனிரோ நகரில் கூடிய புவி உச்சி மாநாட்டில் பல்லுயிர்ப் பெருக்க உடன்படிக்கை கையொப்பத்துக்கு வைக்கப்பட்டது. 1993 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1994-இல் அதனை உறுதி செய்தது. இன்று 196 தரப்பினர் அதன் உறுப்பினர்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2002-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் கூடியவர்கள் முதன்முறையாகக் காலவரையறை வகுத்தனர்: பல்லுயிர்ப் பெருக்கத்தின் இழப்பு வேகத்தை 2010-க்குள் குறிப்பிடத்தக்க அளவு குறைப்போம் என்றனர். இதில் ஒரு குறை மறைந்திருந்தது. அப்போதைய வேகம் எவ்வளவு என்பதை அவர்கள் வரையறுக்கவில்லை. எந்தெந்த எண்களைக் கொண்டு அளப்பது என்ற ஏற்பாடே 2004-இல்தான் உருவாயிற்று. மருத்துவர் முதலில் மருந்தை எழுதிவிட்டு, பிறகு நாடி பார்த்ததற்கு இது ஒப்பாகும்.

2010 வந்தது. அறிவியலாளர் குழு ஒன்று 31 குறிகாட்டிகளை ஒருங்கே ஆராய்ந்து தன் முடிவை வெளியிட்டது. உயிர்களின் நிலையைக் காட்டும் எண்கள் பெரும்பாலும் இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றை நெருக்கும் காரணங்களின் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. வியப்புக்குரியது யாதெனில், சட்டங்கள், காப்பிடங்கள் போன்ற நன்முயற்சிகளின் எண்களும் ஏறியிருந்தன. முயற்சி பெருகியது, இழப்பு குறையவில்லை.

ஓர் எண்ணை எவ்வாறு படிப்பது?

உலக இயற்கை நிதியம் 1998 முதல் 'வாழும் கோள்' என்ற பெயரில் ஒரு குறியீட்டெண்ணை வெளியிட்டு வருகிறது. 1970-ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டது இது. 1970-க்கும் 2020-க்கும் இடையில் சராசரி வீழ்ச்சி 73 விழுக்காடு என்று 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. உடனே, உலக விலங்குகளில் நான்கில் மூன்று பங்கு செத்துவிட்டன என்று பலரும் பேசலாயினர். எண்ணின் பொருள் அதுவன்று.

ஓர் எளிய எடுத்துக்காட்டைக் காண்போம். ஓர் ஏரியில் 10,000 மீன்கள் இருந்து 9,900 ஆகின்றன. ஒரு காட்டில் 10 குரங்குகள் இருந்து 1 ஆகிறது. மொத்தத் தலைகளை எண்ணினால் 10,010 என்பது 9,901 ஆகியுள்ளது. இழப்பு ஏறத்தாழ 1 விழுக்காடே. ஆனால் ஒவ்வொரு கூட்டமும் என்ன விகிதத்தில் குறைந்தது என்று பார்த்து, அவ்விகிதங்களின் பெருக்கற் சராசரியை எடுத்தால் வீழ்ச்சி ஏறத்தாழ 68 விழுக்காடு. இரண்டு கணக்கும் சரியானவையே. முதலாவது, எத்தனை உயிர்கள் போயின என்பதற்கு விடை. இரண்டாவது, கூட்டங்கள் எவ்வளவு நலிந்தன என்பதற்கு விடை. முதல் கணக்கில் குரங்குகளின் அழிவு கண்ணுக்கே தெரியவில்லை என்பதை நோக்குக. வாழும் கோள் குறியீட்டெண் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதிலும் முதுகெலும்புள்ள விலங்குகளை மட்டுமே கொண்டது. பூச்சிகளும் செடிகொடிகளும் அதில் இடம்பெறா.

எண்ணை மிகைப்படுத்துவோர் அதன் நம்பகத்தைக் கெடுக்கின்றனர். அந்த மிகையைக் காட்டி எண்ணையே புறந்தள்ளுவோர் உண்மையைக் கெடுக்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையில் நின்று, அது சொல்வதை மட்டும் கேட்பதே அறிவுடைமை.

நம் நாட்டுக் கழுகுகள்

நம் நாட்டில் நிகழ்ந்ததை இங்கே நினைவுகூர்தல் தகும். வெண்முதுகுப் பாறு கழுகு, உலகிலேயே மிகுதியாகக் காணப்படும் பெரிய வேட்டைப் பறவையாக இருக்கலாம் என்று 1980-களில் கருதப்பட்டது. ஊர்ப்புறத்தில் செத்த மாட்டை ஒரு பொழுதுக்குள் எலும்பாக்கிவிடும் துப்புரவாளர் அது. அத்துணை மலிந்த ஒன்றை எவர் எண்ணுவார்?

நல்வினைப் பயனாகச் சிலர் எண்ணியிருந்தனர். 1991 முதல் 1993 வரை வட இந்தியச் சாலைகளில் பயணம் செய்து வேட்டைப் பறவைகளைக் கணக்கெடுத்த பதிவுகள் இருந்தன. ராஜஸ்தானின் பரத்பூர் காப்பகத்தில் கழுகுகள் மறைவதைக் கண்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் 1990-களின் இறுதியில் எச்சரிக்கை விடுத்தார். பழைய வழிகளிலேயே 2000-இல் மீண்டும் எண்ணியபோது வீழ்ச்சி 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. 2007-க்குள் வெண்முதுகுப் பாறு கழுகில் 99.9 விழுக்காடு மறைந்தது. திருக்கழுக்குன்றத்தில் நண்பகல்தோறும் வந்து உணவுண்டு சென்ற கழுகுகளும் கடந்த நூற்றாண்டின் இறுதியில் வராமற்போயின. அவை மஞ்சள்முகப் பாறு என்னும் வேறோர் இனத்தவை.

காரணம் 2004-இல் வெளியாயிற்று. மாடுகளின் வலியைத் தணிக்கக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் உடலில் எஞ்சி, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. பாகிஸ்தானில் ஆய்வு நடத்திய லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் இதனை மெய்ப்பித்தனர். இரண்டே ஆண்டுகளில், 2006-இல், கால்நடைகளுக்கு அம்மருந்தை இந்தியா தடை செய்தது. கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்தும் கண்டறியப்பட்டது. பின்னர் 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகிய மருந்துகளும் விலக்கப்பட்டன. இன்று நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தென்னகத்தில் பாறு கழுகுகள் எஞ்சியுள்ள சில இடங்களுள் ஒன்று.

கழுகு போனதால் கெட்டது கழுகு மட்டுமன்று. அழுகும் உடல்கள் வெளியில் கிடந்தன, தெருநாய்கள் பெருகின, நீர் மாசுற்றது. 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் இதனால் கூடுதலாக ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் இறந்திருக்கலாம் என்று 2024-இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. குறிகாட்டியில் இறங்கியது ஒரு பறவையின் எண். அதற்குள் மனித உயிர்களும் அடங்கியிருந்தன.

எண்ணிக்கை அச்சத்தைத் தெளிவிக்கவும் கூடும். சிட்டுக்குருவி நாட்டை விட்டே மறைகிறது என்ற கவலை நம்மிடையே பரவலாக உண்டு. பறவை ஆர்வலர்கள் திரட்டிய ஒரு கோடிப் பதிவுகளைக் கொண்டு 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, பெருநகரங்களில் அது குறைந்துவந்தாலும் நாட்டளவில் 25 ஆண்டுகளாகப் பெரிதும் நிலைத்தே உள்ளது என்று காட்டிற்று. அதே தொடரில் 2023-இல் வந்த அறிக்கை, 942 இனங்களை ஆராய்ந்து 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் வேண்டும் என்றது. நம் பரிவு எங்கே தேவை என்பதை நம் கண்களைவிட இக்கணக்கு நன்கு காட்டுகிறது.

விழுக்காட்டின் மயக்கம்

2010 அக்டோபரில் ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் உலக நாடுகள் மீண்டும் கூடி, 2020-க்குள் அடைய 20 இலக்குகளை வகுத்தன. 2012-இல் அடுத்த மாநாடு நம் ஐதராபாத்தில் நடந்தது. 2020 செப்டம்பரில் வெளியான மதிப்பீடு வருந்தத்தக்கது: இருபதில் ஒன்றுகூட உலக அளவில் முழுமையாக நிறைவேறவில்லை, ஆறு மட்டும் ஓரளவு நிறைவேறின.

ஓரளவு நிறைவேறியவற்றுள் ஒன்றை உற்று நோக்குவோம். நிலத்தில் 17 விழுக்காட்டையும், கடலில் 10 விழுக்காட்டையும் காப்பிடமாக்க வேண்டும் என்பது பதினொன்றாம் இலக்கு. நிலத்தைப் பொறுத்தவரை நாடுகள் அந்த அளவை நெருங்கிவிட்டன. ஆனால் அதே இலக்கு, காப்பிடங்கள் செம்மையாகப் பேணப்பட வேண்டும், உயிர் வளம் மிக்க இடங்களில் அமைய வேண்டும், ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்றும் கேட்டது. இவற்றில் பின்தங்கினர். உழவுக்கும் ஊருக்கும் உதவாத மேட்டு நிலத்தைக் காப்பிடம் என வரைபடத்தில் வரைந்தாலும் விழுக்காடு ஏறும்; உயிர் காக்கப்படாது. எளிதில் அளக்கத்தக்கது எட்டப்பட்டது. அளக்க அரியது கைவிடப்பட்டது. எந்த எண்ணையும் இலக்காக வைத்துவிட்டால், மனிதர் எண்ணுக்கே உழைக்கத் தொடங்குவர் என்பதற்கு இது சான்று.

2022 டிசம்பர் 19 அன்று மான்ட்ரியால் நகரில் மூன்றாம் முறையாக உலகம் உறுதி பூண்டது. 2030-க்குள் அடைய வேண்டியவையாக 23 இலக்குகள் வகுக்கப்பட்டன. நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைக் காப்பது அவற்றுள் ஒன்று. இம்முறை இலக்குகளோடு அளவை ஏற்பாடும் சேர்ந்தே ஏற்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் உரோமையில் கூடிய கூட்டத்தில் அது முழுமை பெற்றது. நாடி பார்த்த பின் மருந்து என்ற முறைக்கு உலகம் வந்துவிட்டது எனலாம்.

எஞ்சும் கேள்வி

ஆயினும் ஒரு கேள்வி நெஞ்சை உறுத்துகிறது. பைரியும் பாறு கழுகும் எண்ணிக்கையால் பயன் பெற்றன. உலகக் குறியீட்டெண்கள் மட்டும் ஏன் பயன் தரவில்லை?

முன்னர்க் கண்ட மூன்று படிகளையே இங்கும் வைத்துப் பார்ப்போம். எண்ணிக்கை இருக்கிறது. காரணங்களும் தெரியும்: 2019-இல் வெளியான பன்னாட்டு மதிப்பீடு ஏறத்தாழ பத்து இலட்சம் இனங்கள் அழிவு அச்சத்தில் உள்ளன என்று கூறி, நிலத்தையும் கடலையும் நாம் மாற்றுவதை முதற்காரணமாகச் சுட்டியது. மூன்றாம் படியே இடறுகிறது. மருந்தைத் தடை செய்ய ஓர் அமைச்சகம் இருந்தது, அது கையொப்பமிட்டது. உலக இலக்குக்கு 196 தரப்பினர் பொறுப்பு. எல்லாருக்கும் பொறுப்பு என்பது எவருக்கும் இல்லை என்பதில் போய் முடிகிறது. இலக்கு தவறினால் கேட்பார் இல்லை. கூட்டுச் சொத்துக்குக் காவலன் இல்லை என்பது நம் ஊர்ப் பொதுக்குளங்களின் வரலாறும் அன்றோ?

ஆகவே எண்ணைக் குறை கூறிப் பயனில்லை. நாடி நோயைச் சொல்லும், அதுவே குணப்படுத்தாது. உலக எண் ஒவ்வொன்றும் ஒரு நாட்டின், ஒரு மாவட்டத்தின், ஓர் ஊரின் எண்ணாக இறங்கி வந்து, இன்னார் பொறுப்பு என்ற பெயரைப் பெறும்போதுதான் அது வினையாகும். அதற்கான வாயில்கள் நம்மிடமும் உண்டு. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தொகுக்க வேண்டும். நம் ஊராட்சியின் பதிவேட்டில் நம் ஏரியின் மீன்களும், நம் வயலின் நெல் வகைகளும் மெய்யாகவே எழுதப்பட்டுள்ளனவா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் நாட்களை ஒட்டிப் பறவைகள் கணக்கெடுக்கப்படுகின்றன. சிறுவரும் பங்கேற்கலாம், வேண்டுவது சிறிது பொறுமையும் ஒரு குறிப்பேடும்.

மலிந்திருக்கும்போதே எண்ண வேண்டும் என்பதே கழுகுகள் நமக்குக் கற்பித்த பாடம். இன்று நம் மின்கம்பியில் வரிசையாய் அமர்ந்திருக்கும் கரிச்சான்களும், வயலில் மாட்டின் பின்னே நடக்கும் உண்ணிக் கொக்குகளும் எண்ண வேண்டாத அளவு மலிந்தவையாகவே தோன்றும். பயணப் புறாவும் அவ்வாறே தோன்றியது.